இரண்டு ஒன்பதும் ஒரு மோதிரமும்

லோகநாதன் மோதிரத்தைத் திருகிவிட்டுத்தான் பந்தயச் சில்லுகளைத் தள்ளினான். அதனால் அவனிடம் இருப்பது ஆசும் ராஜாவும் என்பதில் திலகவதிக்குச் சந்தேகமே இல்லை. ஜோடி வந்திருந்தால் மோதிரத்தின் பக்கம் கையே போயிருக்காது, சீட்டுப் போடும் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கையில் ஒன்றுமில்லாமல் சும்மா மிரட்டுகிறவனென்றால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்திருப்பான். பாட்டில் மூடியபடியே இருக்கிறது. கல்யாணத்தில் அவள் அப்பா போட்ட மோதிரம் அவன் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, அதற்குப் பிறகு ‘ஆல் இன்’ என்று சொல்லி முன்னால் இருந்த அத்தனை சில்லையும் இரண்டு கையாலும் அணைத்துத் தள்ளினான், இப்போது மேசையின் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் சீட்டை வீசிவிட்டார்கள். சூரத்து வைர வியாபாரி ஒருவர், கழுத்தில் பெரிய சங்கிலி, அவரும் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வீசிவிட்டார். மிச்சம் இருப்பது திலகவதி மட்டும். அவள் கையில் இரண்டு ஒன்பது, ஒன்று ஆடுதன், ஒன்று கிளாவர். ஐந்து சீட்டு இனிமேல் மேசையில் விழ வேண்டும். அதில் ஆசோ ராஜாவோ வந்தால் அவன், வராவிட்டால் இவள். சரிபாதி. இவள் பக்கம் ஒரு முடியளவு கூட இருக்கும், ஆனால் முடியை நம்பி யாரும் கிணறு தாண்டுவதில்லை. போட்டால் தீர்ந்தது. அவளிடம் இருக்கும் சில்லு அவனுடையதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஜெயித்தால் அவன் வெளியே போய்விடுவான். தோற்றால் அவளிடம் மேசையைத் துடைத்தால் கிடைக்கிற அளவு மிஞ்சும். சீட்டை வீசிவிட்டால் ஒன்றும் ஆகாது, இருவரும் இருந்த இடத்தில் இருப்பார்கள், அடுத்த சீட்டு வரும். வீசிவிட வேண்டியதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சூதாட்டக் கப்பல் லேசாக அசைந்தது. கரையிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் படகு வந்து ஒட்டியிருக்கும். கோவாவின் மாண்டவி ஆற்றில் மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், ஆனால் உள்ளே ஜன்னலே கிடையாது, எந்நேரமும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சரிபாதி ஆட்டத்துக்கு எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது என்பதில் அவளுக்கு இருக்கிற தெளிவு சமையலில்கூடக் கிடையாது. சாம்பாருக்கு உப்பு போட்டேனா இல்லையா என்று இன்றைக்கும் குழம்புவாள், இதில் குழம்பியதே இல்லை. கரூரில் வீட்டு மொட்டைமாடியில், கொசுவலைத் துணிக் கட்டுகளுக்கு நடுவில் பாய் விரித்துப் புளியங்கொட்டையைச் சில்லாக வைத்து ஆடிப் பழகிய நாளிலேயே அது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. லோகநாதன் அப்போதே சரிபாதி ஆட்டத்தைக் கண்டால் துள்ளிக் குதிப்பான். ஆம்பளையா இருந்தா போடோணும் என்பான். அவள் போடமாட்டாள். எதிரில் இருப்பவன் என்னைவிட நன்றாக ஆடுகிறவன் என்றால் சரி, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அவன் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுவான், அதற்குப் பேசாமல் ஒரே போடாகப் போட்டுப் பார்த்துவிடலாம். கையிருப்பு கரைந்துபோய், சுற்றுக்கு ஒரு தரம் கட்டாயமாக வைக்க வேண்டிய சில்லே நம்மை அரித்துத் தின்கிற நிலை வந்துவிட்டது என்றாலும் சரி, காத்திருப்பதும் சாவுதான், போட்டுவிடலாம். மலையாகக் குவித்து வைத்திருக்கும்போது சின்னக் கைக்காரன் ஒருவன் துள்ளினாலும் போடலாம், தோற்றால் கொசு கடித்த மாதிரி. மற்றபடி, மேசையில் நம்மைவிட மட்டமாக ஆடுகிற நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது எதற்காகப் பூவா தலையா போட வேண்டும்? அந்தச் சூரத்துக்காரர் ராணியைக் கண்டால் விடமாட்டார், எந்த ராணியாக இருந்தாலும். தாடி வைத்த டெல்லிக்காரர் கோபம் வந்தால் சீட்டைப் பார்க்காமலே ஏற்றுகிறார். இவர்களிடமிருந்து பாதிக்கு மேல் நிச்சயமான இடத்தில், இவர்களே தேடி வந்து கொடுக்கும்போது வாங்கிக்கொள்வதை விட்டுவிட்டுச் சரிபாதிக்குப் போவது பசிக்கும்போது சோற்றுப் பானையைத் தெருவில் உருட்டி விளையாடுகிற மாதிரி. இதை அவள் எத்தனையோ தடவை லோகநாதனிடம் சொல்லியிருக்கிறாள். போட்டி முடிந்த பிறகு இருவரும் சாப்பிட உட்காரும்போது அன்றைக்கு ஆடிய ஒவ்வொரு கையையும் மறைக்காமல் ஒப்பிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம். என்ன சீட்டு இருந்தது, என்ன நினைத்தேன், எங்கே பயந்தேன், எல்லாவற்றையும். அதில் பொய் சொன்னதில்லை இரண்டு பேரும். அவன் தோற்ற கதை எப்போதும் ஒரே கதைதான், ஆசும் ராஜாவும் வந்தது, போட்டேன், வரவில்லை. இவள் சிரிப்பாள். உங்களுக்கு ஆட்டமே ஆடத் தெரியலீங் மாமா, பூவா தலையா போடத்தான் தெரியுது என்பாள். அவன் கோபித்துக்கொள்ளாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, ஆமா, நீ டீச்சரு என்பான். அந்த டீச்சர்தான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறாள், பாடம் மனப்பாடமாகத் தெரியும், மேசையில் சோற்றுப் பானைகள் நிறைய இருக்கின்றன, இரண்டு ஒன்பதையும் கவிழ்த்து முன்னால் தள்ளிவிட வேண்டியதுதான் பாக்கி.

கை எழவில்லை. விரல் சீட்டின் மேலேயே இருந்தது, சீட்டின் மூலையை லேசாக மடக்கி விட்டுக்கொண்டிருந்தது. பயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், பயமில்லை, அவளுக்குச் சீட்டு மேசையில் பயம் வந்தே வெகுகாலம் ஆகிறது. காலையில் போட்டி நடத்துகிற ஆள் இரண்டு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டு, புருஷன் பெண்டாட்டி ஒரே மேசையில் விழுந்தால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கக்கூடாது, தெரிந்தால் இரண்டு பேரையும் எழுப்பிவிடுவோம் என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். லோகநாதன் அவரிடம் சிரித்துக்கொண்டே, இவ வீட்லயே விட்டுக்குடுக்கமாட்டா சார் என்று தமிழிலேயே சொன்னான், அவரும் புரிந்தமாதிரி தலையாட்டினார். வீசினால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு ஒன்பதைக் கவிழ்த்து வீசுகிற ஆட்கள் ஆயிரம். ஆனால் ஊருக்குப் போகிற வழியில் இட்லிக் கடையில் உட்கார்ந்து அவன் கேட்பான், நான் ஆல் இன் போட்டப்ப உன்கிட்ட என்ன இருந்துச்சு? ஒன்பது ஜோடி என்று சொல்ல வேண்டும். எனக்கு என்ன இருந்துச்சுன்னு நெனச்ச? ஆசு, ராஜா. எப்படித் தெரியும்? அங்கேதான் இடிக்கும். அவன் மோதிரத்தைத் திருகுவதை அவள் சொன்னதே இல்லை. மொட்டைமாடி நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாள், முதலில் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள், அன்றைக்கு அவன் அவளுடைய புளியங்கொட்டையை எல்லாம் வாரிக்கொண்டு ரொம்ப அலட்டினான், சரி நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள், மறுநாள் அந்த மோதிரத்தை வைத்தே அவனை மடக்கியபோது கிடைத்த சந்தோஷத்தில் சொல்ல மனம் வரவில்லை, அதற்குப் பிறகு சொல்கிற காலம் போய்விட்டது. கேட்டால்தானே சொல்ல வேண்டும், அவன் கேட்கவில்லை, ஆகவே பொய் சொன்னதாக ஆகாது. திலகத்துக்கு மோப்பம் இருக்குதுடா என்று அவன் தம்பியிடம் பெருமையாகச் சொன்னபோதுகூட அவள் குழம்புக் கரண்டியைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தம்பி என்றதும் நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் போய் இடித்துக்கொண்டது மனசு. தம்பி செல்வகணபதியால் வந்த வினைதான் இதெல்லாம். கொசுவலைப் பட்டறையை இத்தனை நாள் அவன்தான் பார்த்துக்கொண்டான், தையல் மிஷின்கள், பெண்கள், நூல், ஆர்டர், எல்லாம். அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் இரண்டு பேரும் சீட்டு, போட்டி என்று கோவாவுக்கும் கரூருக்குமாக அலைய முடிந்தது. இப்போது அவன் மாமனாரோடு சேர்ந்து திருப்பூரில் தொழில் பார்க்கப் போகிறான், ஆடி பிறந்தால் பட்டறைக்கு ஆள் கிடையாது. ஒருவர் போய் உட்கார வேண்டும். நான் போறனுங் என்று அவள் சொன்னாள். நீ எதுக்கு, நான் போறேன் என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. இப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் பட்டறை பூட்டிக்கிடக்கும் என்று ஆன பிறகு லோகநாதன்தான் சொன்னான், இந்தப் போட்டியில் யார் முதலில் வெளியே வருகிறாரோ அவர் பட்டறைக்கு, மற்றவர் ஆட்டத்துக்கு, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவள் உடனே சரி என்றாள். உடனே சரி என்றதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும், இப்போதும் வெட்கமில்லாமல் தெரியும்: ஜெயிப்பது அவள்தான்.

சூரத்துக்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். கடிகாரம் வைக்கச் சொல்கிறார் என்று சீட்டுப் போடும் பெண் அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், பாவம், சொல்லும்போதே மன்னிப்புக் கேட்கிற முகம். ஆள் வந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றால் அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு செல்லாது, வீசினதற்குச் சமம். நல்லதுதான், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், கை தானாகவே செத்துவிடும், யாரும் வீசினாள் என்று சொல்ல மாட்டார்கள். லோகநாதன் இன்னும் பச்சைத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வலது காதோரம் நரைத்திருக்கிறது. இந்த முகத்தை வெள்ளை வேட்டியில், குலதெய்வம் கோயில் வாசலில் முதல் தடவை மாப்பிள்ளை என்று நினைத்துப் பார்த்த நாள் திடீரென்று எங்கிருந்தோ வந்து நின்றது. அத்தை பையன்தான், சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான், ஆனால் அன்றைக்குப் பூக் கேட்டார்கள். அப்பாவுக்கு இஷ்டமில்லை, பையன் சீட்டாடுகிறான் என்று. அத்தை விடவில்லை. சரி, சாமி சொல்லட்டும் என்று ஆயிற்று. வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள், வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியது. அவள் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளங்கை வேர்த்து வளையல் வழுக்கியது. அம்மாதாயே வெள்ளை, அம்மாதாயே வெள்ளை என்று அவள் வேண்டிக்கொண்டது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. பெரியப்பா பேத்தி, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற குட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வெள்ளை. அத்தை குலவை போட்டாள், அப்பா வாயை மூடிக்கொண்டார், திலகவதி தூணில் சாய்ந்து அழுதாள். வாழ்க்கையில் அவள் விரும்பி நின்ற சரிபாதி ஆட்டம் அது ஒன்றுதான், அதுவும் ஜெயித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மொட்டைமாடியில் புளியங்கொட்டை ஆட்டத்தில் தோற்ற கடுப்பில் அவன் உண்மையைச் சொல்லும்வரை. அன்றைக்குப் பூசாரி கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். பொட்டலம் மடிக்கிற வேலையை லோகநாதன் வாங்கிக்கொண்டான். இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்து மடித்துவிட்டான். அவள் சோற்றை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். சாமி தந்த புருஷன் என்று நினைத்திருந்தாளே, அதற்கான கோபம். அவன் பின்னாலேயே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னான், அவளுக்கு அந்தச் சொல் ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறது: “தோத்தா என்னால தாங்க முடியாத ஆட்டத்த நான் பூவு கையில உடமாட்டேன் புள்ள.”

தோற்றால் தாங்க முடியாத ஆட்டத்தைப் பூவின் கையில் விடமாட்டேன். அவனுக்குப் பாடம் சொன்ன டீச்சர் நான் என்று நினைத்தேனே, இதுதானே என் பாடமும்? சரிபாதிக்குத் துள்ளிக் குதிக்கிறான் என்று சிரித்தேன், சீட்டில் துள்ளினான், சில்லு போனால் போகட்டும் என்று துள்ளினான், ஆனால் போனால் போகட்டும் என்று விட முடியாத ஒன்று வந்தபோது என்னைவிடப் பெரிய கணக்குப்பிள்ளையாக இருந்திருக்கிறான். அப்படியானால் இப்போது இது என்ன? இன்றைக்கு மேசையில் கிடப்பது சில்லா, தாங்க முடியாததா? பட்டறைக்குப் போவதில் அவனுக்கு வருத்தமில்லை போலிருக்கிறது, அதனால்தான் தள்ளிவிட்டான், தோற்றால் சந்தோஷமாகப் போய் மிஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வான். அல்லது அதுகூட இல்லை, மறுபடியும் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்திருக்கிறானோ, எப்படி எடுத்தாலும் நானே ஆடட்டும் என்று. இல்லை, அந்தச் சந்தேகத்தை மோதிரம் அடித்துவிட்டது. விட்டுக்கொடுக்கிறவன் குப்பைச் சீட்டை வைத்துத் தள்ளுவான், மோதிரம் திருகியிருக்காது. ஆசும் ராஜாவும் வைத்துத் தள்ளியிருக்கிறான், ஜெயிக்க ஆசைப்பட்டுத் தள்ளியிருக்கிறான், அவனுக்கும் இந்த மேசை வேண்டும், என்னைப் போலவே வேண்டும். இதை நினைத்தபோது அவளுக்கு வலித்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அப்படியானால் இரண்டு வெள்ளை வைத்திருப்பது யார்? அவள் விரல் சீட்டின் மூலையில் நின்றுவிட்டது. நான்தான். வீசிவிட்டால் நானே கடைசிவரை நிற்பேன் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது எனக்கு? நான் நன்றாக ஆடுகிறவள், அவன் சுமாராக ஆடுகிறவன், அதனால். மற்றவர்களிடம் அது நிஜம், சூரத்துக்காரரிடம் நிஜம், டெல்லிக்காரரிடம் நிஜம். அவனிடம்? மோதிரத்தைக் கழற்றி எடுத்துவிட்டுப் பார்த்தால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் எத்தனை தடவை என்னை மடக்கியிருக்கிறான், நான் மடக்கியதெல்லாம் மோதிரத்தை வைத்துத்தானே. இத்தனை வருஷமாகப் பொட்டலத்தை நான் மடித்துக்கொண்டிருக்கிறேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டிருக்கிறான். என்னைவிட மட்டமானவனிடம் சரிபாதிக்குப் போகக்கூடாது, சரி, பாடம் சரி, பாடத்தில் ஒரு குறையும் இல்லை. சமமானவனிடம் போகலாம். சமமானவனிடம் அது ஒன்றுதான் யோக்கியமான ஆட்டம். கடிகாரத்தோடு ஆள் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றது தெரிந்தது, டை கட்டிய நிழல் ஒன்று சில்லுகளின் மேல் விழுந்தது. அவள் பதற்றப்படவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு உள்ளங்கை வேர்த்திருந்தது, அவ்வளவுதான், வளையல் லேசாக வழுக்கியது. அதைப் பின்னால் ஏற்றிவிட்டுக்கொண்டு, தெளிவாக, மேசை முழுக்கக் கேட்கும்படி, “கால்” என்று சொல்லி, அவன் வைத்ததற்கு ஈடாகத் தன் சில்லுகளைத் தள்ளினாள்.

சூரத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சில்லு முழுக்க வைத்துவிட்டால் இரண்டு பேரும் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும், அதுதான் விதி. லோகநாதன் திருப்பினான். ஆசு, ராஜா, இரண்டும் இஸ்பேடு, வழவழவென்று கறுப்பாக இருந்தன. அவள் தன் ஒன்பதுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது வழக்கம், பாதிப் பேர் சாமியைக் கூப்பிடுவார்கள், டெல்லிக்காரர் போன தடவை மேசையைக் குத்தினார். லோகநாதன் எழவில்லை, அவளும் எழவில்லை, கல்யாண மணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை, கெஞ்சலில்லை, ஏதோ ஒரு நல்ல சினிமாவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்ட மாதிரி ஒரு முகம். முதல் மூன்று சீட்டு ஒன்றாக விழுந்தது, நாலு, ஜாக்கி, ஏழு. ஒன்றுமில்லை. அவள் அம்மாதாயே என்று ஆரம்பித்தாள், வெள்ளை என்று கேட்பதா சிவப்பு என்று கேட்பதா என்று தெரியவில்லை, எது வெள்ளை, எது சிவப்பு, அவன் பட்டறைக்குப் போவது வெள்ளையா, நான் போவது வெள்ளையா, வேண்டுதல் பாதியில் நின்றது. நாலாவது சீட்டு ராணி. சூரத்துக்காரர் பழக்கதோஷத்தில் ஆ என்றார். இப்போது பத்து வந்தாலும் அவனுக்கு வரிசை சேர்ந்துவிடும், ஆசு வந்தாலும் ராஜா வந்தாலும் அவன்தான். சீட்டுப் போடும் பெண் கடைசிச் சீட்டை இழுத்துத் திருப்பினாள். இரண்டு. வெறும் டைமன் இரண்டு, யாருக்கும் எதற்கும் ஆகாத சீட்டு. சில்லு முழுவதும் திலகவதி பக்கம் வந்தது, அந்தப் பெண் இரண்டு கையாலும் தள்ளிக்கொடுத்தாள். லோகநாதன் முன்னால் பச்சைத் துணி மட்டும் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று மனசு சொல்லிப் பார்த்தது, சரியாகத்தான் ஆடினேன் என்றும் சொன்னது, இரண்டும் உண்மை, ஆனாலும் அழுகை வந்தது. அதை அவள் அடக்கவில்லை, சால்வை முனையால் துடைத்துக்கொண்டாள், மேசைக்காரர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

லோகநாதன் எழுந்து, மேசையில் இருந்த எல்லோருக்கும் கை கொடுத்தான், சூரத்துக்காரர் முதுகில் தட்டி ஏதோ ஆறுதல் சொன்னார். அவன் மூடியே திறக்காத தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். பட்டறைச் சாவியைக் கேட்டான். அது அவள் கைப்பையில்தான் இருந்தது, கரூரிலிருந்து கிளம்பும்போது செல்வகணபதி கொடுத்ததை அவள்தான் வாங்கிப் போட்டிருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். இனி மோதிர விஷயத்தை மறைத்து யாருக்கு என்ன லாபம், ஒப்பிக்கிற சாப்பாடும் இன்றைக்கு இல்லை, அவன் பஸ்ஸில் இருப்பான், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. அவள் தலையைப் பின்னால் சாய்த்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஒண்ணு சொல்லோணும் மாமா. ஆசும் ராஜாவும் வந்தா நீங்க மோதிரத்தத் திருகறீங்க. எனக்கு ரொம்ப வருசமாத் தெரியும்.”

லோகநாதன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சீட்டுப் போடும் பெண் அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்க ஆரம்பித்துவிட்டாள்.

“நீ அதப் பாக்கறது எனக்கும் தெரியும்,” என்றான். “தெரிஞ்சுதான் திருகுனேன். இந்தவாட்டி ஒரு பொட்டலத்துல செவப்பு வெச்சிருந்தேன் புள்ள.”

அவள் திரும்புவதற்குள் அவன் மேசைகளுக்கு நடுவில் நடந்து போய்க்கொண்டிருந்தான், படகுக்கு இறங்குகிற கதவின் பக்கமாக. கதவு திறந்தபோது வெளியே இருந்த மதிய வெயில் ஒரு கோடு போலத் தரையில் விழுந்து அவள் நாற்காலிக் கால்வரை வந்தது, மூடியதும் போய்விட்டது. அவளுக்கு முன்னால் இரண்டு சீட்டு வந்து விழுந்தது. மூலையைத் தூக்கிப் பார்த்தாள், ராணியும் மூன்றும். சூரத்துக்காரர் ஏற்றினார். திலகவதி சீட்டைக் கவிழ்த்து வீசிவிட்டு, ஒன்றுமில்லாத தன் மோதிரவிரலை ஒரு சுற்றுத் திருகிப் பார்த்துக்கொண்டாள்.